பிள்ளையின் இடுப்பில் கட்டச் சொன்னேன்

எனக்கு வாய் கொஞ்சம் கூட. இதை நானே சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றவர்கள் சொல்லத் தேவையில்லை. பாரிசில், ரூ காயில் நான் வேலை செய்கிற சாப்பாட்டுக் கடையில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், யாருக்கு விசாக் கந்தோரான பிரிபெக்சரில் இருந்து கடிதம் வந்தாலும், யாருடைய பிள்ளை பள்ளிக்கூடத்தில் சண்டை பிடித்தாலும் என்னிடம் ஒரு பதில் இருக்கும். கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்ற பழக்கமும் எனக்கில்லை. "அக்கா இருக்கேக்கை டொக்டரும் தேவையில்லை, அவொக்காவும் தேவையில்லை" என்று முதலாளி பகிடி பண்ணுவார். அவொக்கா என்றால் வக்கீல். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

கடை மேலே, சமையல் நிலத்துக்குக் கீழே. இடியப்பம் பிழிவது, றோல்ஸ் சுற்றுவது, வடைக்கு அரைப்பது என் வேலை. காலையில் சார்செலில் இருந்து றெயில் ஏறி வந்து கீழே இறங்கினால், பின்நேரம்தான் திரும்ப வெளிச்சத்தைப் பார்ப்பேன். எனக்கு முதுகைக் காட்டி நின்று கோப்பை கழுவுகிறவன் ஓர் ஆபிரிக்கத் தம்பி. வந்த புதிதில் எல்லோரும் என்னை அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, அதுதான் என் பெயர் என்று நினைத்து ஒரு மாதம் முழுக்க "மதாம் அக்கா, மதாம் அக்கா" என்று கூப்பிட்டான். விளங்கிய பிறகு மதாமை விட்டுவிட்டான், அக்காவை விடவில்லை. அவனுடைய நாட்டின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவனுடைய சொந்தக்காரர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அவனுடைய மனைவியும் ஒன்பது வயது மகளும் அந்த நாட்டின் தலைநகரத்தில், ஒரு நாலுமாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிடுவதற்குப் போட்ட விண்ணப்பம், டொசியே, பாதி வழியில் நின்றது. அந்த வருசம் அங்கே பழைய ஜனாதிபதி ஓடிப்போய், புதிய அரசு ஒன்று வந்தது. சனம் தெருவில் ஆடுகிற வீடியோவைத் தம்பி கொண்டுவந்து காட்டினான். "இனி எல்லாம் சரி, அக்கா" என்றான். நான் மா குழைத்துக்கொண்டே, "பொறு, பாப்பம்" என்றேன். புதிய அரசிடம் கொடி இருந்தது, மந்திரிமார் இருந்தார்கள், ஆனால் ஆமியில் பாதிப்பேர் துவக்குகளோடு காட்டுக்குள் போய்விட்டார்கள். அங்கே வேறு குழுக்களோடு சேர்ந்து, சில மாதங்களில் கிளர்ச்சிக்காரராக நகரத்தின் ஓரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள்.

அவனும் நானும் கதைப்பது பிரெஞ்சில். அவனுடையது நல்ல பிரெஞ்சு, என்னுடையது நொண்டிப் பிரெஞ்சு. அவன் வீட்டாரும் பிரெஞ்சு கதைப்பார்கள். அவர்கள் சொன்னதையெல்லாம் என் வாயில் வருகிற தமிழில்தான் எழுதுகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்து மணி இருக்கும். கீழே சிக்னல் வராது என்பதால் தம்பியின் போன் எப்போதும் மேலே, காசுமேசைக்குப் பக்கத்தில் யன்னலோரம் கிடக்கும். முதலாளி படிக்கட்டுத் தலைப்பில் நின்று கத்தினார்.

"தம்பி! உன்ர மனுசி எடுக்கிறா. இது மூண்டாந்தரம்!"

அவன் கையுறையோடு ஓடினான். நானும் பின்னால் போனேன். எனக்கென்ன வேலை என்று கேட்டால் ஒரு வேலையும் இல்லை, ஆனால் என்னால் நிற்க முடியாது. அவன் போனைச் சத்தமாகப் போட்டான். மனைவியின் குரலுக்கு முதல் வெடிச் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை எனக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. இத்தனை வருசத்துக்குப் பிறகும் நான் தானாகக் காசுமேசைக்குக் கீழே குனிந்துவிட்டேன். கடையில் இருந்த இரண்டு பேர் ரீயைக் குடிக்காமல் என்னைப் பார்த்தார்கள்.

"எங்கை நிக்கிறாய்?" என்று தம்பி கேட்டான்.

"யன்னலடியில. மூலையில இருக்கிற பேக்கரிக்கு முன்னால கவண்மெந்துக்காரற்றை ஜீப் நிக்குது. பின்னால பள்ளிக்கூடத்துக்குள்ள மற்றாக்கள். எங்கட கட்டடத்துக்கு மேலால அடிபடுறாங்கள்."

நான் போனைப் பறித்துவிட்டேன். "விசரி! முதல் யன்னலை விட்டு விலகு! பிள்ளை எங்கை?"

"நீங்கள் ஆர்?"

"நான் அக்கா. உன்ர மனுசனோட வேலை செய்யிறன். எனக்கு உது தெரியும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழ இறங்கு. நிலத்தோட இருக்கவேணும்."

"கீழ போகேலாது, அக்கா. வாசல்ல அவங்கள் நிக்கிறாங்கள்."

"ஆர் அவங்கள்?"

"தெரியேல்லை. ரெண்டு பகுதிக்கும் ஒரே உடுப்பு."

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். அந்த ஊரிலேயே இருக்கிற ஒருத்திக்கு வாசலில் நிற்பவன் யார் என்று தெரியவில்லை. பாரிசில் இருக்கிற எனக்கு என்ன தெரியும்? எங்களுடைய ஊரில் செல்லடித்தால் பங்கருக்குள் இறங்குவோம். ஆமி இந்தப் பக்கம், இயக்கப் பொடியள் அந்தப் பக்கம் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். தம்பியின் ஊரில் ஒரு தெருவில் ஒருவன், அடுத்த தெருவில் இன்னொருவன், மத்தியானம் அது மாறிவிடும். ஆனால் எனக்கு அப்போது இதெல்லாம் ஓடவில்லை. ஒரு தாயும் பிள்ளையும் யன்னலடியில் நிற்கிறார்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

தெருவுக்கும் உங்களுக்கும் நடுவில் இரண்டு சுவர் இருக்கவேண்டும் என்றேன். குளியலறைக்கு முன்னால் இருக்கிற நடையில் படுங்கள். மெத்தையை எடுத்து யன்னலில் சாத்துங்கள். தண்ணீர் வரும்போதே சட்டி, பானை, வாளி எல்லாவற்றிலும் பிடித்து வையுங்கள். படுக்கும்போதும் சப்பாத்தைக் கழற்றவேண்டாம். போனைச் சும்மா நோண்டவேண்டாம், காலையில் ஒருதரம், பின்நேரம் ஒருதரம் எடுத்தால் போதும். நான் சொல்லச் சொல்ல அவள் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்றாள். பின்னால் மகள் ஏதோ கேட்டாள். "அது ஆர் கத்துறது?" என்று கேட்டாளாம். முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அவ்வளவு நேரமும் அவர் முகம் வெளிறிப்போய்த்தான் இருந்தது.

அன்று பின்நேரம் அவள் திரும்ப எடுத்தாள். அவள் காலையில் நின்ற அந்த யன்னலால் ஒரு வெடி வந்து, மெத்தையைத் துளைத்து, குளிர்சாதனப் பெட்டியில் பட்டிருக்கிறது. "அக்கா சொல்லாட்டி நான் செத்திருப்பன்" என்றாள். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் தலையும் கொஞ்சம் கனத்துவிட்டது. றெயிலில் பக்கத்தில் இருந்த தெரிந்த பெண்ணுக்குச் சொன்னேன், வீட்டில் சொன்னேன், தங்கைக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "நீ என்ன, ஜெனரலோ?" என்று என் மனுசன் கேட்டார். "உங்களைவிடத் திறமான ஜெனரல்" என்றேன்.

புதன்கிழமை காலை அவள் குரல் மாறியிருந்தது. வாசலில் நின்றவர்கள் இரவோடு இரவாகக் கட்டடத்துக்குள் ஏறி முதலாம் மாடியைப் பிடித்துவிட்டார்களாம். மத்தியானம் கொஞ்ச நேரம் சண்டை நிற்கும் என்று கதை வந்திருக்கிறது. கட்டடத்தில் மிஞ்சியிருந்த சனம் சேர்ந்து வெளிக்கிடப்போகிறார்கள். அவளுடைய தமக்கை வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், அங்கே சண்டை இல்லை. நடந்தால் ஒரு மணித்தியாலம். வழியில் செக்பொயின்ற் இருக்கும், எத்தனை, யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது.

"போங்கோ" என்றேன். "சனத்தோட சனமாப் போங்கோ. கடைசியாப் போகாதை, முன்னுக்கும் போகாதை. தங்கச்சி, பேப்பரெல்லாம் எடுத்திட்டியோ?"

எந்தப் பேப்பர் என்று கேட்டாள்.

"உன்ர அடையாள அட்டை, கலியாணப் பத்திரம், பிள்ளையின்ர பிறப்புப் பத்திரம், டொசியேக்குக் குடுத்த கடிதங்கள். எல்லாம் எடுத்திட்டியோ?"

"பக்கத்து வீட்டு மனுசி ஒண்டும் கொண்டுபோகாதை எண்டு சொல்லுறா, அக்கா. அட்டையை வீட்டில விட்டிட்டு வரச் சொல்லுறா."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. கடை முழுக்கச் சனம், நான் கத்தினேன். "அந்த மனுசிக்கு விசர்! அட்டை இல்லாமல் வெளிக்கிட்டால் அங்கினயே சுட்டு விழுத்துவாங்கள்!"

தம்பி என் தோளைத் தொட்டான். நான் அவனுக்குச் சொன்னேன், அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பத்தொன்பது வயதில் நானும் என் அண்ணையும் பஸ்ஸில் போனோம். அன்று காலை அண்ணை சேட்டு மாற்றினார். அட்டை பழைய சேட்டின் பொக்கற்றுக்குள் இருந்துவிட்டது. செக்பொயின்றில் எல்லோரையும் இறக்கி அட்டையைக் கேட்டார்கள். நான் என்னுடையதை நீட்டினேன், ஏறச் சொன்னார்கள். அண்ணை சட்டைப்பையைத் தடவினார், காற்சட்டைப்பையைத் தடவினார், என்னைப் பார்த்தார். பஸ் போய்விட்டது, அண்ணை வரவில்லை. அவ்வளவுதான் கதை, இன்றுவரைக்கும் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. உயிர் போனாலும் அட்டை போகக்கூடாது என்று எங்களுடைய சனத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். இங்கே வந்த பிறகும் ஒரு துண்டுக் காகிதத்தை நாங்கள் எறிய மாட்டோம், பதினைந்து வருசத்துக்கு முந்திய கறண்ட் பில்லும் அலுமாரிக்குள் இருக்கும். பேப்பர் இருந்தால் ஆள் இருக்கிறான், பேப்பர் இல்லாவிட்டால் ஆளே இல்லை. நான் அப்படித்தான் வளர்ந்தேன்.

"கேக்குதோ, தங்கச்சி?" என்றேன்.

"கேக்குது" என்றாள். அழுகிற குரல்.

"ஒரு துணியை எடு. பழைய தலையணை உறை காணும். பேப்பரெல்லாத்தையும் பொலித்தீன் பையில சுத்தி அதுக்குள்ள வைச்சுத் தைச்சுப்போடு. ரெண்டு பக்கமும் நாடா வை. உன்ர இடுப்பில கட்டாதை, உன்னைத் தடவிப் பாப்பாங்கள். பிள்ளையின்ர இடுப்பில, சட்டைக்கு உள்ளால கட்டு. சின்னப்பிள்ளையை ஒருத்தரும் தடவ மாட்டாங்கள். கேக்கிற இடத்தில எடுத்துக் காட்டு, பிறகு திரும்பக் கட்டு."

பிறகு மகளைக் கூப்பிடச் சொன்னேன். "குஞ்சு, உன்ர இடுப்பில அம்மா ஒரு பை கட்டுவா. அதை ஆருக்கும் காட்டக்கூடாது, ஆருக்கும் குடுக்கக்கூடாது. அம்மா கேட்டால் மட்டும்தான். விளங்குதோ?"

"விளங்குது, அக்கா" என்று அந்தப் பிள்ளை சொன்னது. தகப்பனைப் போலவே அக்கா என்றது. தாய் திரும்பப் போனை வாங்கி, தம்பியோடு தங்களுடைய மொழியில் ஏதோ கதைத்தாள். அவன் என்னைப் பார்த்தான், பிறகு அவளுக்கு அழுத்தமாக ஒன்றைச் சொன்னான். என்ன சொன்னாய் என்று கேட்டேன். "அக்கா சொன்னபடி செய் எண்டு சொன்னனான்" என்றான்.

மத்தியானம் கடையில் நல்ல சனம். நான் கீழே இறங்கி இடியப்பத் தட்டுகளை அடுக்கினேன். இரண்டு மணிபோல் வடைத் தட்டத்தோடு மேலே வந்தேன். யன்னலோர மேசையில் எங்களுடைய பாண்டிச்சேரி ஐயா இருந்தார். பிரெஞ்சு அரசாங்கத்தில் வேலை பார்த்து பென்சன் எடுத்தவர், தினமும் ஒரு ரீக்கு முழுப் பேப்பரையும் வாசிப்பார்.

"என்னம்மா, அந்த ஆப்பிரிக்கத் தம்பியோட ஊர்ல ரொம்ப மோசமாப் போயிட்டிருக்கு போல?" என்றார். "இதப் பாரு. ரெபேல்காரனுங்க ரோட்ட மறிச்சு பராஜ் போட்டு நிறுத்தி அடையாள கார்த்த வாங்கிப் பாக்குறானாம். பேரு கூட இல்ல, எந்த ஊர்ல பிறந்தேன்னு போட்டிருக்கும் பாரு, அதத்தான். புது ஜனாதிபதியோட பக்கத்து ஆளுன்னா அங்கியே தனியா நிறுத்திடுறான். அதனால சனமெல்லாம் கார்த்த வீட்லயே விட்டுட்டு, கொளுத்திட்டு ஓடுதாம்."

தட்டம் என் கையில்தான் இருந்தது. அதை மேசையில் வைத்தேனா, அவர் வாங்கினாரா என்று எனக்கு ஞாபகமில்லை. படிக்கட்டில் இறங்கியது ஞாபகம் இருக்கிறது. தம்பி பெரிய சட்டி ஒன்றை உரஞ்சிக்கொண்டு நின்றான்.

"தம்பி, உன்ர மனுசி எங்கை பிறந்தவ?"

அவன் சொன்னான். எனக்கு அந்த ஊர்ப்பெயர் விளங்கவில்லை. "அது எங்கை இருக்கு?" என்றேன்.

"தெற்கில, அக்கா. புது ஜனாதிபதியின்ர ஊருக்குப் பக்கத்தில."

"அட்டையில அது போட்டிருக்கோ?"

சட்டியை உரஞ்சிய கை நின்றது. அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான், நான் ஒன்றும் சொல்லவேண்டி வரவில்லை. ஈரக்கையோடு படிக்கட்டில் பாய்ந்து ஏறினான். நானும் ஏறினேன், மூச்சு வாங்கியது. அவன் அடித்தான், மணி போகவில்லை. திரும்ப அடித்தான். குரல் செய்தி விட்டான், "அட்டையை எறி, எல்லாத்தையும் எறி" என்று அதைத்தான் சொல்லியிருப்பான், அவன் மொழி எனக்குத் தெரியாது. செய்தி போய்ச் சேரவில்லை என்று போன் காட்டியது. அவர்கள் வெளிக்கிட்டு இரண்டு மணித்தியாலம் ஆகிவிட்டது.

"முதலே ஏன் சொல்லேல்லை?" என்று அவனிடம் கேட்டேன். எனக்கு வெட்கமே இல்லை, அந்த நேரத்திலும் அவனைத்தான் கேட்டேன்.

"அவள் சொன்னவள்" என்றான். "கடைசியா என்னோட கதைக்கேக்கை, பிறந்த ஊரைப் பாக்கிறாங்களாம் எண்டு அதைத்தான் சொன்னவள். நான்தான் அக்காவுக்குத் தெரியும் எண்டனான்."

நான் கடையை விட்டு வெளியே இறங்கினேன். லா சப்பல் மெத்ரோ வரைக்கும் நடந்தேன், திரும்பி ரூ பிலிப்-து-ஜிரார் முனைக்கு வந்தேன், ஏன் நடக்கிறேன் என்று தெரியாமல் திரும்பவும் நடந்தேன். சீலைக்கடைக்காரி "என்னக்கா, சுகமில்லையோ?" என்று கேட்டாள். அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று தெரியும்.

வியாழக்கிழமையும் ஒன்றும் வரவில்லை. தம்பி வேலைக்கு வந்தான். வீட்டுக்குப் போ என்று முதலாளி சொன்னதற்கு, அறையில் இருந்தால் விசர் பிடிக்கும் என்றான். எனக்கு முதுகைக் காட்டி நின்று கோப்பை கழுவினான். மற்ற நாளில் பாட்டு முணுமுணுப்பான், என் வடையில் ஒன்றைத் திருடுவான். அன்று தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். நான் இடியப்பத்தை அவியவைத்துவிட்டு மறந்துபோனேன், அடி பிடித்துவிட்டது.

"என்னக்கா இது? புகை மேல வரைக்கும் வருது!" என்று முதலாளி இறங்கி வந்தார்.

"போங்கோ அண்ணை, போய் உங்கட வேலையைப் பாருங்கோ!" என்று அவர்மேல் பாய்ந்தேன். அவர் ஏறிப்போனார். பிறகு எனக்கு அழுகை வந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தம்பிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"பிழை விட்டது நான்" என்றேன். "அவளை விட்டிருந்தால் அவள் சரியாச் செய்திருப்பாள். நான்தான் கெடுத்தனான்."

அவன் தண்ணீரை நிறுத்தினான். "ஓம்" என்றான். "உங்களுக்கு உங்கட சண்டைதான் தெரியும், அக்கா. எங்கட சண்டை தெரியாது. ஆனா தெரிஞ்ச மாதிரிக் கதைச்சீங்கள். நானும் கேட்டன்."

என்னை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டேன். அன்று கேட்டுக்கொண்டேன். அவன் திரும்பத் தண்ணீரைத் திறந்தான். நான் கருகின இடியப்பத்தைக் குப்பையில் கொட்டிவிட்டுப் புதிதாக மா குழைத்தேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிபோல, முதலாளியின் குரல் வந்தது. வழக்கமாகத் "தம்பி" என்று கத்துகிற மனிதர் அன்று "ஓடி வா, ஓடி வா" என்று மட்டும் கத்தினார். நான் கேட்டவுடன் ஓடவில்லை. கீழே நின்று காதைக் கொடுத்தேன். தம்பி கத்துவது கேட்டது, பிறகு அழுவது கேட்டது. என்ன அழுகை என்று எனக்கு அங்கே நின்று பிரிக்க முடியவில்லை. படிக்கட்டைப் பிடித்துப் பிடித்து ஏறினேன்.

அவன் காசுமேசைக்குக் கீழே நிலத்தில் இருந்தான். என்னைக் கண்டவுடன் கையை உயர்த்தி, "இருக்கினம், அக்கா, ரெண்டு பேரும் இருக்கினம்" என்றான். நானும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். சாப்பிட வந்தவர்கள் எங்களைச் சுற்றிப் போனார்கள்.

நடந்ததை அவள் சொல்லச் சொல்ல அவன் எனக்குச் சொன்னான். முதலாவது செக்பொயின்ற் அரசாங்கத்தினுடையது. அங்கே அட்டையைக் கேட்டார்கள். பிள்ளையின் இடுப்பில் இருந்து எடுத்துக் காட்டினாள், போகவிட்டார்கள். அட்டையை வீட்டில் விட்டுவிட்டு வந்த பக்கத்து வீட்டு மனுசியைக் கிளர்ச்சிக்காரி என்று மறித்து வைத்துக்கொண்டார்கள், அவள் இன்னும் எங்கே என்று தெரியவில்லை. இதைக் கேட்டபோது எனக்குள் ஏதோ எழும்பப் பார்த்தது, "பாத்தியோ, நான் சொன்னனான்" என்று. சீ, என்ன பிறவி நான் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பாலத்தடியில் இரண்டாவது. அங்கே நின்றது மற்றாட்கள், கிளர்ச்சிக்காரர். அது யாருடையது என்று வழியில் வந்த சனம் சொல்லி அவளுக்கு முதலே தெரிந்துவிட்டது. அட்டை எங்கே என்றபோது வீட்டோடு எரிந்துபோனது என்றாள். எங்கே பிறந்தாய் என்றார்கள், இந்த நகரத்தில்தான் என்றாள். நம்பவில்லை. அவளைத் தடவிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. தெருவில் முழங்காலில் இருத்தினார்கள். அவ்வளவுதான் அவள் சொன்னது, அதற்குப் பிறகு தமக்கை வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று முடித்துவிட்டாள். போன் ஏன் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை என்றதற்கு, அதையும் அங்கே பறித்துவிட்டார்கள், இது தமக்கையின் போன், இன்றுதான் இந்தப் பக்கம் ரெசோ, அதுதான் சிக்னல், வந்தது என்றாள்.

பிறகு அவள் என்னைக் கேட்டாள். தம்பி போனை நீட்டினான். நான் மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவன் என் மடியில் வைத்துவிட்டான்.

"அக்கா" என்றாள். "பேப்பர் எல்லாம் இருக்கு. ஒண்டும் துலையேல்லை. கலியாணப் பத்திரம், பிள்ளையின்ர பத்திரம் எல்லாம். உங்களாலதான்."

"எனக்கு நன்றி சொல்லாதை, தங்கச்சி" என்றேன். "நான் உன்னைக் கொல்லப் பாத்தனான்."

"மகள் உங்களோடதான் கதைக்கவேணும் எண்டு நிக்கிறாள்" என்றாள். "ரெண்டு நாளா ஒருத்தரோடையும் கதைக்கிறாள் இல்லை. குளிக்கவும் விடுறாள் இல்லை."

போன் கை மாறியது. மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"குஞ்சு" என்றேன். "நான் அக்கா."

"அவங்கள் என்னைத் தடவேல்லை" என்றது பிள்ளை. "நீங்கள் சொன்ன மாதிரி."

"கெட்டிக்காரி."

"அம்மாவை அடிச்சவங்கள். துவக்கின்ர பின்பக்கத்தால. அட்டையைத் தந்தால் நிப்பாட்டுறம் எண்டு சொன்னவங்கள். என்னட்டையும் கேட்டவங்கள், அம்மான்ர அட்டை எங்கை எண்டு. நான் தெரியாது எண்டனான். பிறகும் அடிச்சவங்கள்." குரலில் அழுகை இல்லை, வகுப்பில் பாடம் ஒப்புவிக்கிற குரல். "அது என்ர வயித்தில இருந்தது. அம்மா என்னைப் பாத்துக்கொண்டே இருந்தவ. ஆனா கேக்கேல்லை. நீங்கள் அம்மா கேட்டால் மட்டும்தான் குடுக்கச் சொன்னீங்கள்."

தம்பி என் பக்கம் சரிந்து போனில் காதை வைத்தான்.

"நான் குடுத்திருக்க வேணுமோ, அக்கா?"

"இல்லை" என்றேன். "இல்லை, என்ர குஞ்சு. நீ குடுக்காததாலதான் அம்மா இருக்கிறா. நீ ஒரு பிழையும் விடேல்லை. பிழை விட்டது நான். உன்னட்டை அதைக் கட்டச் சொன்னதே பிழை. கேக்குதோ? நான்தான் பிழை."

பின்னால் தாய் இருமுவது கேட்டது. அவளுக்கு இன்னும் மூச்சு எடுக்க நோகிறது என்று பிறகுதான் அறிந்தேன்.

"அப்ப, அக்கா" என்றது பிள்ளை, "நான் இப்ப அதைக் கழட்டலாமோ?"

பக்கத்தில் தம்பி முகத்தைக் கையால் பொத்திக்கொண்டான். இரண்டு பகல், இரண்டு இரவு, அந்தப் பிள்ளை அந்தப் பையைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. தமக்கை வீட்டுக்கு வந்த பிறகு தாயே கேட்டும் கொடுக்கவில்லை. பெரியம்மா கேட்டும் கொடுக்கவில்லை.

"கழட்டு, குஞ்சு" என்றேன். "கழட்டி அம்மாட்டைக் குடு."

"கையில வைச்சிருக்கலாமோ?"

"வேண்டாம். கீழ வை" என்றேன்.